மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு

சுக்குக் காபிப் பொடியில் சுக்கைவிட மல்லிதான் அதிகம். புதிதாக வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். "என்ன தாயி, மல்லிப்பொடிய வச்சுக்கிட்டு சுக்குன்னு விக்கியா?" என்று ஒரு பெரியவர் நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறார். சந்தேகம் வருவது நியாயம்தான். சுக்கு விலை எங்கே, மல்லி விலை எங்கே! ஆனால் அளவைத் திருப்பிப் போட்டு, சுக்கை இரண்டு பங்காக்கிக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். அதே பெரியவர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். தொண்டையைப் பிடிக்கிற காரம் இருக்கும், குடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. மல்லிதான் அந்தத் தண்ணீருக்கு உடம்பு கொடுக்கிறது. மணமும் லேசான இனிப்பும் ஒரு கெட்டித்தன்மையும் அதிலிருந்துதான் வருகின்றன. சுக்கு அதன்மேல் ஏறி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்காரர் சாயங்கால வேளைகளில் சைக்கிளின் பின்னால் டிரம்மைக் கட்டிக்கொண்டு சுக்குக் காபி விற்றார். நான் வீட்டில் பொடி தயாரித்தேன். இப்போது சைக்கிள் போய்த் தள்ளுவண்டி வந்துவிட்டது, வண்டியை மகன் பார்த்துக்கொள்கிறான். பொடி வேலை மட்டும் இன்னும் என் கையில். டீக்கடைகளுக்குக் கிலோக் கணக்கிலும் வீடுகளுக்குப் பொட்டலமாகவும் போகிறது. வேலையைக் கற்றுக்கொடுத்தது அத்தை. படிக்காதவர், தராசைத் தொடமாட்டார். படியும் கைப்பிடியும்தான் அவருடைய அளவு. அதை நான் கிராமுக்கு மாற்றி எழுதி வைத்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. சாமான் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்துவிடும். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் மண்ணில் மானாவாரியாக மல்லி விளைகிறது. கருப்பட்டிக்கு உடன்குடியும் வேம்பாரும் இருக்கின்றன. ஏலக்காய்க்குப் போடி. சுக்கும் மிளகும் மலையாளத்திலிருந்து மலை இறங்கி விருதுநகர் மொத்தக் கடைகளுக்கு வந்துவிடும். ராஜஸ்தானில் ராம்கஞ்ச் மண்டி, மத்தியப் பிரதேசத்தில் குணா என்று வடக்கேயிருந்து வருகிற மல்லியும் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. உருண்டு திரண்டு பார்வைக்கு அது அழகு. நான் சின்ன மல்லியைத்தான் தேடுவேன். சின்ன விதையில் எண்ணெய் அதிகம், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே தெரிந்துவிடும். பச்சை நிறம் மாறாமல் பளபளவென்று இருக்கிற மல்லியைக் கண்டால் ஒதுங்கிவிடுவேன். நிறத்துக்காகக் கந்தகப் புகை போடுகிறவர்கள் உண்டு, மூட்டையைத் திறந்தவுடன் மூக்கில் ஒரு எரிச்சல் அடிக்கும். காய்ந்த மல்லிக்கு நிறம் மங்கல் பழுப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

வாங்குகிற மாதம் ஒன்று, விற்கிற மாதம் ஒன்று என்பதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். ஐப்பசி மழையை நம்பி விதைத்த மல்லி தை, மாசியில் களத்துக்கு வரும். இஞ்சி முற்றி இலையெல்லாம் காய்ந்து விழுந்தபிறகு தோண்டி, சீவி, வெயிலில் காயப்போட்ட சுக்கு மாசி, பங்குனியில் புதுச் சரக்காக இறங்கும். மிளகும் ஏறத்தாழ அதே நேரம். பங்குனி வாக்கில் பனை ஏற ஆரம்பித்து ஆடி வரைக்கும் கருப்பட்டி காய்ச்சுவார்கள். வியாபாரமோ ஐப்பசி அடைமழையில் தொடங்கி மாசிப் பனியோடு முடிந்துவிடும். கோடை வெயிலில் காசைப் போட்டுச் சாமான் வாங்கி, மழைக்காலத்தில் காசு பார்க்க வேண்டும். நடுவில் கிடக்கிற மாதங்களில் அத்தனையையும் பூச்சியும் ஈரமும் அண்டாமல் காப்பாற்றினால்தான் லாபம். பாதித் தொழில் அரைப்பது, மீதிப் பாதி காவல் காப்பது.

சுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பச்சை இஞ்சி 5 கிலோ காய்ந்தால் ஏறத்தாழ 1 கிலோ சுக்கு கிடைக்கும். ஒரு வாரம், பத்து நாள் வெயில் வேண்டும். காயப்போடுமுன் தோலைச் சீவிவிடுவார்கள். கேரளத்தில் அதற்குக் கத்தியை எடுப்பதில்லை, மூங்கில் சீவலைக் கூராக்கி வைத்துக்கொண்டு மேலாகச் சுரண்டுவார்கள். இஞ்சியின் வாசனை எண்ணெய் தோலுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தியால் ஆழமாகச் சீவினால் வாசனை தோலோடு போய்விடும். சில சுக்கு வெள்ளைப் பூச்சோடு வரும். பூச்சி வராமலிருக்கவும் வெளுப்பாகத் தெரியவும் சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைத்தது அது. தப்பில்லை, ஆனால் அப்படியே அரைக்கக் கூடாது.

"சுக்குக்கு வெளிய நஞ்சு, கடுக்காய்க்கு உள்ள நஞ்சு" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான். நஞ்சு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை என்று எனக்குத் தோன்றும். மண்ணும் சுண்ணாம்பும் மிச்சத் தோலும் அங்கேதான் இருக்கின்றன, அவை காபியில் இறங்கினால் நாக்கில் மண் ருசி தட்டும். காரணம் எதுவானாலும் சீவுவது சரி. பழைய கத்தியின் முதுகால் லேசாகச் சுரண்டினால் போதும்.

வாங்கும்போது சுக்கை ஒடித்துப் பார்ப்பேன். 'டக்'கென்று சத்தத்தோடு ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, வீட்டுக்கு வந்தபிறகு எடை குறையும், பூஞ்சணமும் பிடிக்கும். ஒடித்த இடத்தில் நார் நாராகத் தொங்கினால் அரைக்கும்போது பாதி சக்கையாகப் போய்விடும். உள்ளே நிறம் மங்கல் மஞ்சளாக இருக்க வேண்டும். பிறகு பொடிப்பொடியாக மாவு உதிர்கிறதா, ஊசித் துளை தெரிகிறதா என்று பார்ப்பேன். சுக்கைத் தின்னும் ஒரு சின்னப் பழுப்பு வண்டு இருக்கிறது. துளை ஒன்று தெரிந்தால் மூட்டைக்குள் குடும்பமே இருக்கும். விருதுநகரில் எனக்கு வாடிக்கையான கடை அண்ணாச்சி நான் ஒடித்துப் பார்ப்பதைக் கண்டு முதலில் முகம் சுளித்தார். "எல்லாத்தையும் ஒடிச்சுப்புட்டா நான் யாருக்கு விக்க?" என்பார். இப்போது நான் போனால் அவரே இரண்டை ஒடித்து நீட்டுகிறார்.

பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டால் ஆகாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. டீயில் போடலாம், அது வேறு ருசி. பச்சை இஞ்சியில் காரத்தைக் கொடுப்பது ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காயும்போது அது தண்ணீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் இன்னும் காரம். அதனால்தான் இஞ்சியின் எலுமிச்சை மணம் சுக்கில் மங்கி, நெஞ்சுக்குள் இறங்கி நிற்கிற ஒரு சூடு வருகிறது. எங்களுக்கு வேண்டியது அந்தச் சூடுதான்.

அந்தச் சூடு எப்படி வருகிறது என்பதை நர்சிங் படித்த என் மகள் விளக்கினாள். 2021இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற இருவருக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். மிளகாயின் காரப் பொருளை வைத்து, நம் நரம்பு முனையில் சூட்டை உணர்கிற வாயில் எது என்று கண்டுபிடித்தவர் ஜூலியஸ். கொதிக்கிற சூடு பட்டாலும் அந்த வாயில் திறக்கும், மிளகாய்க் காரம் பட்டாலும் திறக்கும். சுக்கு, மிளகுக் காரத்துக்கும் அது திறக்கிறது. எந்த வழியில் திறந்தாலும் மூளைக்குப் போகிற சேதி 'சூடு' என்பதுதான். மழையில் நனைந்து வந்து வண்டியோரம் நிற்கிறவர் முதல் மடக்கிலேயே "அப்பாடா" என்பது இதனால்தான். டம்ளரிலிருக்கிற சூடு ஆறிப்போன பிறகும் சுக்கின் சூடு தொண்டையில் நிற்கும்.

மிளகு அதிகம் வேண்டாம். மிளகின் காரப் பொருளான பைப்பரின் தண்ணீரில் சரியாகக் கரையாது. வடிகட்டியைத் தாண்டி வந்த துகளோடு டம்ளரின் அடியில் தங்கிவிடும். மேலே குடிக்கும்போது ஒன்றும் தெரியாது, கடைசி மடக்கில் சுரீர் என்று ஏறும். அதைத்தான் சிலர் விரும்பிக் கேட்கிறார்கள், குழந்தைகள் இருமிவிடுகின்றன. வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். பப்பாளி விதை கலந்திருந்தால் மிதக்கும். உள்ளீடு இல்லாத சொத்தை மிளகும் மிதக்கும். இரண்டுமே நமக்கு வேண்டாதவை என்பதால் எது எதுவென்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

திப்பிலி விலை கூடுதல், கொஞ்சம் போட்டால் போதும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம். ஏலம் கடைசியில் வாசனைக்கு.

கருப்பட்டியில்தான் அதிகம் ஏமாறுகிறோம்.

பனையில் கட்டிய கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் இறங்குகிற நீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஆளுயரத்துக்கு எத்தனையோ மடங்கு மரம் ஏறி, பதநீர் இறக்கி, வடித்துக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பது கருப்பட்டி. 1 கிலோவுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். மரம் ஏற ஆள் இல்லை, விறகுக்கும் விலை. அப்படியிருக்க, சந்தையில் மலிவாக ஒரு கருப்பட்டி கிடைத்தால் அதில் சீனி கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். உடைத்த இடம் கண்ணாடித் துகள்போல் மினுக்கினால் சீனி. அதைவிட நல்ல பரிசோதனை மழைக்காலம். நல்ல கருப்பட்டி ஈரக்காற்றுப் பட்டால் வியர்த்து இளகும். கலப்படம் ஐப்பசியிலும் கல்லாகக் கிடக்கும். அசல் சரக்கை வாங்கியவனுக்குக் கிடைக்கிற பரிசு, அதைக் காப்பாற்றுகிற வேலை! அத்தை காலத்தில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. புகையும் சூடும் படுகிற இடத்தில் ஓலைப் பெட்டியோடு ஏற்றிவிடுவார். கேஸ் அடுப்பு வந்தபிறகு அந்தப் பரண் சும்மா கிடக்கிறது. நான் மூடி இறுக்கமான டிரம்மில் காகிதம் சுற்றி வைக்கிறேன், ஒவ்வொரு வெயில் நாளிலும் எடுத்துக் காற்றாட விடுகிறேன்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. குறியீட்டால் பெயர் பரவியது உண்மை. பெயர் பரவிய பிறகு 'உடன்குடி' என்று எழுதி ஒட்டிய பெட்டிகளும் எங்கெங்கோ பெருகிவிட்டன. காய்ச்சுகிற இடத்துக்கே போய் வாங்க முடிந்தவர்கள் போய் வாங்குவது நல்லது.

இனி வறுவல். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி வறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மல்லிக்கு நேரம் வேண்டும், மிளகு வெடித்துத் தெறிக்கும், ஏலம் இரண்டு பிரட்டலில் கருகிவிடும். தனித்தனியாகத்தான் வறுக்க வேண்டும். மல்லிக்கு இரும்புச் சட்டி, சிறுதீ, கை நிற்கக் கூடாது. முதலில் பச்சை வாடை போகும், பிறகு ஆரஞ்சுத் தோல் போல ஒரு மணம் கிளம்பும், பிறகு படபடவென்று மெல்லிய சத்தம். அந்தச் சத்தம் கேட்டவுடன் இறக்கி முறத்தில் பரப்பிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் சட்டிச் சூட்டிலேயே கருகும். மல்லி மணத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற எண்ணெய்ப் பொருளுடையது, சூடு பட்டால் பறந்துவிடக்கூடியது. அதனால் வறுவல் என்பது பச்சை வாடையை விரட்டுவதற்கும் மணத்தை இழப்பதற்கும் நடுவில் நிற்கிற வேலை. கொஞ்சம் கருப்படித்தால் காபி நிறம் அழகாக வரும், அதற்காகவே கருக்குகிற கடைக்காரர்கள் உண்டு. அந்தக் கசப்பை மறைக்க இன்னும் இரண்டு கட்டி கருப்பட்டி போட வேண்டியிருக்கும். "கருக்கி நெறம் வாங்கறதுக்கு, அடுப்புக் கரியவே போட்டுறலாமே ஆத்தா" என்பார் அத்தை.

சுக்கை வறுப்பதில்லை. சீவி, உலக்கையால் இடித்துத் துண்டாக்கி, மல்லி இறக்கிய சட்டியில் அந்தச் சூட்டிலேயே ஒரு புரட்டு. ஈரம் போனால் போதும். மிக்ஸியில் முழுச் சுக்கைப் போட்டவர்களின் பிளேடு கதையைக் கேட்டிருப்பீர்கள், சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு என்றால் மிக்ஸி போதும். எனக்கு மில்தான். மில்லுக்கு விடியற்காலையில் முதல் ஆளாகப் போய்விடுவேன். எனக்கு முன்னால் ஒருவர் மிளகாய்வற்றல் அரைத்திருந்தால் அன்றைய பொடி போச்சு. முதல் ஆளாக நின்றாலும் முந்தின நாள் மிச்சம் இருக்கும் என்பதால் ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவைத் தனியாக எடுத்துவிட்டுத்தான் நம்முடையதைக் கொட்ட வேண்டும். அரிசி மாவு வீணாகாது, அன்றைக்கு வீட்டில் இடியாப்பமோ புட்டோ கொஞ்சம் கார வாசனையோடு இருக்கும்.

மாவாக அரைக்கக் கூடாது. ரவைப் பதம். மல்லியின் உமி நைசாக அரைபட்டால் தண்ணீரில் ஊறி உப்பிக் கூழாகிவிடும், வடிகட்டியையும் அடைத்துவிடும். குடிக்கும்போது கஞ்சி குடிக்கிற உணர்வு வரும். ரவையாக இருந்தால் ருசி தண்ணீரில் இறங்கும், சக்கை வடிகட்டியில் நின்றுவிடும். மில்காரர்களுக்கு இது பிடிக்காது, "நைசா ஓட்டித் தாரேன் அக்கா" என்று கல்லை இறுக்கப் பார்ப்பார்கள். கூடவே நின்று தடுக்க வேண்டும். அரைத்த பொடி கை சுடும். அப்படியே பையில் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். காகிதத்தில் பரப்பி ஆறவைத்து, சல்லடையில் சலித்தால் மேலே சுக்கு நார் தங்கும். நான் அதை ரசத்துக்குத் தட்டிப் போட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்குக் கேட்கிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கிற அளவு இதுதான்: மல்லி 200 கிராம், சுக்கு 100 கிராம், மிளகு 10 கிராம், திப்பிலி 5 கிராம், ஏலக்காய் 5 கிராம். 1 லிட்டர் தண்ணீருக்கு 4 டீஸ்பூன் பொடி, 100 கிராம் கருப்பட்டி. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பொடியைப் போட்டு, தீயைக் குறைத்து, மூடி வைத்து 5 நிமிடம். மூடாமல் கொதிக்கவிட்டால் தெரு முழுக்க மணக்கும், டம்ளரில் மணக்காது. இறக்கியபின் நாலு துளசி இலையைக் கிள்ளிப் போட்டு மறுபடி மூடுங்கள். துளசியைக் கொதிக்கவிட வேண்டாம். கருப்பட்டியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கடைசியில் கலக்க வேண்டும். வடிகட்டிய துணியைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். மணல், ஓலைத் துரும்பு, பதநீரில் போட்ட சுண்ணாம்பின் வண்டல் எல்லாம் அதில் இருக்கும். தனியாகக் கரைப்பதில் இன்னொரு நன்மை, சர்க்கரை நோய் உள்ளவருக்கு இனிப்பில்லாமல் ஒரு டம்ளர் எடுத்து வைத்துவிடலாம். கருப்பட்டி ஆனால் சாப்பிடலாம் என்று அவர்களாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில் இருப்பதும் அதுவே.

பால் ஊற்றுவதில்லை. சுக்குப் பால் வேண்டுமென்றால் அது தனிச் சரக்கு. எங்கள் வண்டியில் பக்கத்துக் குண்டானில் பருத்திப்பாலும் இருக்கும். பசியோடு வருகிறவர் பருத்திப்பால் கேட்பார், தொண்டை கட்டியவர் சுக்குக் காபி கேட்பார். இரண்டிலும் சுக்கும் கருப்பட்டியும் உண்டு.

வண்டியில் விற்பது வீட்டுக் கணக்கில் வராது. கரிக் கங்கின் மேல் டிரம் உட்கார்ந்திருப்பதால் காபி கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே மணிக்கணக்கில் கிடக்கும். நேரம் ஆக ஆக மல்லி மணமும் ஏல மணமும் ஆவியோடு போய்விடும், காரமும் கசப்பும் மட்டும் மிஞ்சும். இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கிறவர் "இன்னைக்கு நல்லா உரப்பா இருக்கே" என்று பாராட்டுவார், உண்மையில் அவருக்குக் கிடைத்தது மட்டமான காபி. இதற்காக நாங்கள் சக்கையோடு டிரம்மில் ஊற்றுவதில்லை. வடித்ததை மட்டும் ஊற்றி, பாதி விற்றபின் புதிதாக ஒரு குண்டான் வடித்துக் கொண்டுபோவோம். ஏலப்பொடி ஒரு சின்ன டப்பாவில் தனியாக இருக்கும், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சிட்டிகை. தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள், ராத்திரி பஸ் டிரைவர்கள், ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் என்று ஆட்கள் மாறினாலும் கேட்பது ஒன்றுதான்: சூடாக இருக்கிறதா?

இந்தப் பானத்தை மருந்து என்று சொல்லி விற்றால் இரண்டு மடங்கு விலை வைக்கலாம். அந்த ஆசை காட்டியவர்கள் உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது அது உச்சத்துக்குப் போனது. தமிழக அரசு கபசுரக் குடிநீர் கொடுத்தது, மத்திய ஆயுஷ் அமைச்சகம் துளசி 4 பங்கு, பட்டை 2 பங்கு, சுக்கு 2 பங்கு, மிளகு 1 பங்கு என்று ஒரு கஷாயப் பொடியைச் சொன்னது. எல்லார் வீட்டிலும் காலை, மாலை கஷாயம். "உன் பொடியிலயே கபசுரத்தையும் கலந்து குடு" என்று கேட்டார்கள். கபசுரத்தில் சுக்கும் திப்பிலியும் இருக்கின்றன, உண்மை. ஆனால் நிலவேம்பு, ஆடாதோடை, சீந்தில் என்று 15 சரக்கு சேர்ந்த சித்த மருந்து அது. வற்றவைத்து, அளவாக, நாள் கணக்கு வைத்துக் குடிக்க வேண்டியது. அதைத் தினசரிக் காபியில் கலப்பது முறையில்லை என்று மறுத்துவிட்டேன். கேட்டவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். வெறும் வயிற்றில் மிளகும் பட்டையும் தினமும் குடித்து நெஞ்செரிச்சலோடு வந்தவர்களை அதன்பிறகு வண்டியில் நிறையப் பார்த்தோம்.

அப்போதிருந்து 'அதிமதுரம் சேர்த்தது', 'பதினெட்டு மூலிகை' என்றெல்லாம் பொட்டலங்கள் வருகின்றன. அதிமதுரம் நல்ல சரக்குதான். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறக்கூடும், உடம்பில் பொட்டாசியம் குறையும். கடையில் பட்டை என்று கிடைக்கிற தடித்த பட்டை பெரும்பாலும் அசல் இலவங்கப்பட்டை இல்லை, காசியா. அதில் கூமரின் அதிகம், நாள்தோறும் அதிகமாகப் போனால் ஈரலுக்கு ஆகாது. பிரியாணிக்கு எப்போதாவது போடுவது வேறு, தினம் இரண்டு வேளை குடிப்பது வேறு. என் பொடியில் இரண்டும் கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம், சுக்கை வழக்கமாக்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்வோம். வாரத்துக்கு ஒரு டம்ளர் குடிப்பவருக்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம்.

எங்கள் பதிவும் உணவுப் பொருளுக்குத்தான். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தபோது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான் கேட்டார்கள். சளியைக் குணமாக்கும் என்று பாக்கெட்டில் அச்சடிக்கக் கூடாது, அதற்கு மருந்துச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். அச்சடிக்காவிட்டாலும் வாய்ச்சொல்லாகச் சொல்லி விற்கலாம் என்று சக வியாபாரிகள் யோசனை சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சளி பிடித்தவனுக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கடைப்பு கொஞ்சம் இளகும், சூடான தண்ணீர் உள்ளே போகும். அவ்வளவுக்கு நான் பொறுப்பு. காய்ச்சல் மூன்று நாள் நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என் வண்டிக்கு வரக்கூடாது.

இலங்கைத் தமிழர்கள் காய்ச்சல், தடிமனுக்கு மல்லியை அவித்துக் குடிக்கிறார்கள், கூட இஞ்சி ஒரு துண்டு. நம்முடைய சரக்கில் பாதியை எடுத்துவிட்டால் அதுதான். கேரளத்துச் சுக்குக் காப்பியில் நிஜக் காபித்தூளும் கொஞ்சம் விழுகிறது. எங்கே போனாலும் நாலைந்து சாமானுக்குமேல் தாண்டுவதில்லை, அதுதான் சரி என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று. அரைத்த பொடியின் மணம் இறுக்கமான டப்பாவில்கூட ஒன்றரை மாதத்துக்குமேல் நிற்பதில்லை. மல்லியையும் சுக்கையும் முழுசாக வைத்திருந்தால் அடுத்த மழைக்காலம் வரை தாக்குப்பிடிக்கும். பொட்டலத்தின்மேல் பேக் செய்த தேதி இருக்கும், அரைத்த தேதி இருக்காது. மூட்டையாக அரைத்து மாதக்கணக்கில் போட்டுவைத்து, கேட்க கேட்கப் பொட்டலம் கட்டினாலும் அன்றைய தேதியைத்தான் போடுவார்கள். அதனால் யாரிடம் வாங்கினாலும், என்னிடம் வாங்கினாலும், எப்போது அரைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் சாமானைத் தனித்தனியாக வாங்கிப் போய் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.